வழித்தடங்கள் – 11: காரைக் கல்லின் கோணம்

போன வாரம் செங்கோண வெட்டுப்பாதை பார்த்தோம்: ஒரு கோட்டுக் குடும்பத்தை ஒன்றுவிடாமல் 90 டிகிரியில் வெட்டிப் போகும் வளைவு. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரிக்கு மழைநீர் இறங்கும் பாதை என்று எழுதியிருந்தேன். நடுவில் காரை என்ற ஊர் குறுக்கே வந்துவிட்டது.

பெரம்பலூர் மாவட்டம், கொளக்காநத்தம் பக்கம். மழை அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாய்ப் பிளந்து கிடக்கும் களிமண் பூமி. வெயிலில் ஜிப்சம் துண்டுகள் மினுங்கும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல். அந்தக் கடலில் நீந்திய, சுருள் ஓடு கொண்ட பிராணிகளான அம்மோனைட்டுகளின் ஓடு கல்லாகி மண்ணுக்குள் இருக்கிறது. 1860களில் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இந்த வட்டாரப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று ஊர்ப்பெயரிலேயே பிரித்தார். தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த தொல்லுயிர்களைப் படம் போட்டுத் தொகுதி தொகுதியாக விவரித்தார்.

சரி, கணக்குக்கு வருவோம். அம்மோனைட்டின் நடுப்புள்ளியிலிருந்து நாலாபுறமும் நேர்கோடுகள் இழுங்கள். ஓட்டின் சுருள் ஒவ்வொரு கோட்டையும் வெட்டும் இடத்தில் கோணமானியை வையுங்கள். உள்சுற்றிலும் வெளிச்சுற்றிலும் ஏறக்குறைய ஒரே கோணம்! நம் வெட்டுப்பாதையேதான், செங்கோணத்துக்குப் பதில் வேறொரு கோணம், அவ்வளவே.

கோணம் 80 டிகிரி என்றால் ஒரு சுற்று முடிவதற்குள் ஆரம் 3 மடங்காகிவிடும். 85 என்றால் சுமார் 1¾ மடங்குதான், இறுக்கிச் சுற்றிய ஓடு. 90 ஆக்கினால் வளர்ச்சியே இல்லை, வெறும் வட்டம். ஓர் ஓட்டுச் சுருளின் மொத்த வளைவும் ஒற்றைக் கோணத்தில் அடங்கிவிடுகிறது என்பதை இந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சலிக்கவைத்துவிட்டேன்.

ஏன் இப்படி? கட்டிய ஓட்டை அந்தப் பிராணியால் திருத்த முடியாது. வாய்ப்புறத்தில் மட்டும் சேர்த்துக்கொண்டே போகலாம். உடல் பெருத்தாலும் வடிவம் மாறக்கூடாது. இந்த இரண்டு நிபந்தனைக்கும் இந்தச் சமகோணச் சுருள்தான் இசைகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் கொஞ்சம் திருப்பிவைத்த அதே சுருள்.

இந்தக் குணத்தில் மயங்கியவர் கணிதவியலாளர் ஜேக்கப் பெர்னூலி. தன் கல்லறையில் இதைச் செதுக்கச் சொன்னார். 1705இல் இறந்தார். பாசல் நகரத்துக் கல்தச்சர் செதுக்கியதோ கொசுவத்திச் சுருள், சுற்றுக்குச் சுற்று ஒரே இடைவெளி! பாவம், காரைக்கு வந்திருந்தால் மாதிரி கிடைத்திருக்கும். (நீங்கள் போனால் பொறுக்கி வராதீர்கள். அரியலூர் பக்கம் வாரணவாசி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள்.) கண்டகி ஆற்றுச் சாளக்கிராமமும் பெரும்பாலும் அம்மோனைட்தான். பூஜை அறையிலேயே வெட்டுப்பாதை வைத்திருப்பவர்கள் நம்மில் பலர்.

ஊட்டத்தூர் அடுக்குகளில் டரிலைட்டஸ் என்றொரு வகையும் உண்டு. தட்டையாகச் சுருளாமல் கோபுரமாய் ஏறும். அது கூம்பின் மேல் போகும் பாதை. உச்சியிலிருந்து இறங்கும் நேர்கோடுகளை அதுவும் ஒரே கோணத்தில்தான் வெட்ட வேண்டும். தாளில் வரைந்து பார்த்தேன், வரைந்த தாள் மேசையில் கிடக்கிறது, ஆசிரியர் குழுவின் போன் அடிக்கிறது.

பொன்னேரி அடுத்த வாரம்.