ஒரு சோறு பதம் போதாது

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். கணினி மென்பொருளுக்கு இது பொருந்தாது.

1993-இல் தொடங்கிய டெபியன், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் தொகுப்பு. இதிலுள்ள ஒவ்வொரு நிரல் நூலகத்தையும் பல மென்பொருள்கள் நம்பியிருக்கின்றன. நூலகத்தில் பிழை இருந்தால் அத்தனையும் கெடும். ஆகவே எழுதியவர்களே சோதனை நிரல்களையும் சேர்த்துத் தருவது வழக்கம்.

எழுதியவர் கணினியில் தேறியதை மறுபடி ஏன் சோதிக்க வேண்டும்? டெபியன் பலவகைக் கணினிகளுக்கானது. இன்டெல் செயலியில் சரியாக ஓடுவது, பைட்டுகளை எதிர்வரிசையில் அடுக்கும் ஐபிஎம் பெருங்கணினியில் தவறான விடை தரலாம். துணை நூலகங்களின் பதிப்பும் வேறாக இருக்கும். அதனால் ஒவ்வொரு வகைக்கும் பொதி கட்டும்போதே சோதனைகள் ஓடுகின்றன. ஒன்று தவறினாலும், பொதுவாக, வேலை அங்கேயே நின்றுவிடும்.

சோதனைக்கும் எல்லை உண்டு. 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தை டெபியனுக்காகத் திருத்தியபோது, தேவையற்றது என நீக்கிய நிரல் வரியால், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 ரகசியச் சாவிகளே உருவாகக்கூடிய நிலை வந்தது. சாவிகள் பூட்டின, திறந்தன. ஆனால் எளிதில் ஊகிக்கக்கூடியவை. 2008 மே மாதத்தில்தான் குறை வெளிப்பட்டது. உலகெங்கும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

கேட்காத கேள்விக்குச் சோதனை பதில் சொல்லாது. மென்பொருள் துறையிலுள்ள நம் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்வது நல்லது.