நாடு விட்டவர்கள் கொண்டுபோன மீன் குழம்பு

வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்துவிட்டால் ஆசாரமுள்ள யூதர் வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. சனிக்கிழமை இருட்டும் வரை ஓய்வு நாள். ஆகவே, லிபியா நாட்டின் டிரிபோலி நகரில் வாழ்ந்த யூதப் பெண்கள் வெள்ளி பகலிலேயே ஒரு மீன் குழம்பு வைத்து இறக்கிவிடுவார்கள். அதற்கு ‘ஹ்ரைமே’ என்று பெயர். ஆறிய பின்னும் ருசி குறையாது. பழைய மீன் குழம்பின் அருமை தெரிந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீன் வாங்குவதிலேயே விதி உண்டு. செதிலும் துடுப்பும் உள்ள மீன்தான் ஆகும். சுறா, விலாங்கு கூடாது. களவாவும் மடவையும் விசேஷம்.

ஒரு கிலோ மீனுக்குப் பத்துப் பன்னிரண்டு பல் பூண்டு. அதை நசுக்கி, தாராளமாக எண்ணெய் விட்டு, சிவக்காமல் வதக்க வேண்டும். காரமில்லாத சிவப்பு மிளகாய்த் தூள் இரண்டு கரண்டி, காரத் தூள் கொஞ்சம், சீரகத் தூள், அதோடு ‘கேரவே’ விதைப் பொடி. இந்த விதை பார்வைக்குச் சீரகம் போலவே இருக்கும், வாசனை வேறு. பொடிகளைத் தண்ணீரில் குழைத்தே ஊற்ற வேண்டும். நேரே எண்ணெயில் போட்டால் கருகிக் கசந்துவிடும்; பின் எத்தனை எலுமிச்சை பிழிந்தாலும் தேறாது. தக்காளி விழுதும் தண்ணீரும் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதித்த பிறகே மீன் துண்டுகளை இறக்க வேண்டும். கரண்டி போடாமல் சட்டியை மட்டும் அசைத்தால் கால் மணியில் வெந்துவிடும். கடைசியில் எலுமிச்சைச் சாறு. புளி, தேங்காய் கிடையாது. ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள்.

1945 நவம்பரில் டிரிபோலியிலும் சுற்றுப்புறங்களிலும் நடந்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டனர். 1949 முதல் 1951 வரை முப்பதாயிரம் பேருக்கு மேல் கப்பலேறி இஸ்ரேல் போனார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் 1967 போரின்போது வெடித்த கலவரத்துக்குப் பின் இத்தாலிக்குப் புறப்பட்டனர். ஆளுக்கு ஒரு பெட்டி, கையில் சொற்பப் பணம். வீடும் கடையும் அங்கேயே நின்றுபோயின.

பெட்டியில் சட்டி வந்ததோ இல்லையோ, கைப்பக்குவம் வந்தது. டிரிபோலியைக் கண்ணால் பார்த்திராத பேரன் பேத்திகளும் இன்று இஸ்ரேலில் வெள்ளி இரவு ஹ்ரைமே சாப்பிடுகிறார்கள். ரோமில் லிபிய யூதர்கள் நடத்தும் உணவு விடுதிகளிலும் அது கிடைக்கிறது.