மீதி பூச்சியம் காட்டினால் பதறாதீர்கள்

'பிட்கொயின் கோர்' மென்பொருளைப் புதிதாகத் தமது கணனியில் நிறுவுவோர் முதலில் பதறுவது, பணப்பையின் மீதி பூச்சியம் என்று காட்டும்போதுதான். காசு எங்கும் போய்விடவில்லை. 2009 முதலான பேரேட்டைக் கணனி இன்னும் வாசித்து முடிக்கவில்லை, அவ்வளவே. அது 600 கிகாபைட்டுக்கும் மேல். பழைய கணனியில் நாட்கணக்காகும். வன்தட்டில் இடம் போதாதோர் 'புரூன்' என்பதைத் தெரிவு செய்யலாம். சரிபார்த்த பழைய பக்கங்களை அது அழித்துவிடும்.

மின்சாரம் திடீரென நின்று பேரேடு பழுதானால் 'ரீஇன்டெக்ஸ்' கட்டளை பெரும்பாலும் போதும். சிலர் அவசரப்பட்டு முழுக் கோப்புறையையும் அழித்துவிடுகிறார்கள். பணப்பைக் கோப்பும் வழமையாக அதற்குள்ளேதானே இருக்கிறது! பேரேட்டை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். சாவி போனால் எவரிடம் கேட்பது? எதையும் தொடுமுன் பணப்பையைப் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

அனுப்பிய தொகை உறுதியாகாமல் நின்றால், அநேகமாகக் கட்டணம் குறைவு. அதைக் கூட்டவும் அதே மென்பொருளில் வழியுண்டு.