தசைச்சுவரில் மறைந்து வளரும் ஜிஸ்ட் கட்டி

வயிற்றுப் புற்றுநோய் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது இரைப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் சளிப்படலத்தில் தோன்றும் புற்றே. அந்தப் படலத்துக்கு அடியிலுள்ள தசைச்சுவரில் தோன்றி, நெடுநாள் வெளித்தெரியாமல் வளரும் வேறொரு கட்டியும் உண்டு; இரைப்பை-குடல் இடைத்திசுக் கட்டி என்று சொல்லத்தக்க இதனை மருத்துவர்கள் 'ஜிஸ்ட்' என்று சுருக்கமாகக் குறிப்பிடுகின்றனர். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு மட்டுமே வரும் இந்த நோய் அறுபது வயதை ஒட்டியவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. பத்தில் ஆறு கட்டிகள் இரைப்பையிலும் மூன்று சிறுகுடலிலும் தோன்ற, எஞ்சியவை மலக்குடல் முதலிய இடங்களில் வருகின்றன.

குடலின் அலையசைவை முடுக்கி ஒழுங்குபடுத்துவன கஹால் செல்கள். 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பானிய அறிஞர் சாந்தியாகோ ராமோன் இ கஹாலின் பெயரைத் தாங்கிய இச்செல்களிலிருந்தோ அவற்றின் முன்னோடிச் செல்களிலிருந்தோ ஜிஸ்ட் உருவாகிறது. முன்பு தசைக்கட்டிகளோடு சேர்த்தே எண்ணப்பட்ட இதன் தனித்தன்மையை, 1998-இல் ஜப்பானின் செய்இச்சி ஹிரோட்டாவும் உடன் ஆய்வாளர்களும் தெளிவாக்கினர். செல்லின் மேற்பரப்பில் இருந்து, தூண்டுபொருள் வந்து சேரும்போது மட்டுமே 'பிரிந்து பெருகு' என்ற கட்டளையை உள்ளே அனுப்ப வேண்டிய 'கிட்' என்னும் புரதம், மரபணுப் பிறழ்வின் காரணமாகத் தூண்டுதலின்றியே அக்கட்டளையை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருப்பதே நோயின் வேர் என்று அவர்கள் கண்டறிந்தனர்.

நோயறிதலின் முதல் இடர், அறிகுறிகள் பொதுவானவையாக இருப்பதுதான். கட்டியிலிருந்து சிறுகச் சிறுக இரத்தம் கசிவதால் இரத்தசோகையும் களைப்பும் வரலாம்; மலம் கறுக்கலாம்; சிறிது உண்டதுமே வயிறு நிறைந்தது போலிருக்கலாம்; பல கட்டிகள் வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகவே தென்படுகின்றன. இரண்டாவது இடர் எண்டோஸ்கோபியில் நேர்கிறது. இரைப்பைக்குள் வழவழப்பான மேடு ஒன்று தெரிந்தாலும், இடுக்கி கிள்ளி எடுப்பது பெரும்பாலும் மேலே போர்த்தியிருக்கும் நலமான சளிப்படலத்தையே. எனவே திசு அறிக்கை 'குறையில்லை' என்று வந்தாலும் கட்டி இல்லை என்று பொருளாகாது. எண்டோஸ்கோபியின் நுனியிலேயே பொருத்தப்பட்ட அல்ட்ராசவுண்ட் கருவி சுவரின் அடுக்குகளைப் பிரித்துக் காட்டி, நான்காம் அடுக்கான தசையில் கருமையாகத் தெரியும் கட்டிக்குள் ஊசியைச் செலுத்தித் திசுவை எடுக்கவும் துணைபுரிகிறது. கட்டியின் பரப்பையும் கல்லீரலிலோ வயிற்றறையின் உறையிலோ அது பரவியுள்ளதா என்பதையும் சி.டி. ஸ்கேன் காட்டும். எளிதில் அகற்றத்தக்க கட்டியாயின் ஊசிப் பரிசோதனை இல்லாமலே அறுவை செய்வதுண்டு. அறுவைக்கு முன் மருந்து கொடுப்பதாயின் திசுச் சான்று இன்றியமையாதது.

எடுத்த திசுவில் கிட் புரதத்தைக் காட்டும் சி.டி.117 சாயச் சோதனையும், டாக்1 என்னும் மற்றொரு சாயச் சோதனையும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கட்டிகள் வரை அடையாளம் காட்டிவிடுகின்றன.

அடுத்து எழுவது முன்கணிப்பு, அதாவது நோய் இனி எவ்வாறு போகும் என்னும் கேள்வி. ஜிஸ்ட் கட்டிகளைத் தீங்கற்றவை, தீங்கானவை என்று இரண்டாகப் பிரித்துவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் திரும்பிவரும் அபாயத்தின் அளவை மதிப்பிட வேண்டும். அதற்காக நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் 5 சதுர மில்லிமீட்டர் பரப்பைத் துழாவி, உட்கரு கலைந்து குரோமோசோம்கள் கருநீலக் கற்றையாகத் திரண்டு நிற்கும், பிரிவுறும் செல்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். இந்த எண்ணிக்கை, கட்டியின் அளவு, இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே விடை தருகின்றன. மியெட்டினென், லாசோட்டா ஆகிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, 5 முதல் 10 சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் பிரிவுறும் செல்கள் ஐந்தைத் தாண்டாவிட்டால், அது இரைப்பையில் இருப்பின் நோய் முற்றிப் பரவும் அபாயம் ஏறத்தாழ 4 விழுக்காடு, சிறுகுடலில் இருப்பின் 24 விழுக்காடு. எண்ணிக்கை ஐந்தைத் தாண்டிவிட்டால் முறையே 55, 85 விழுக்காடு. கட்டி வயிற்றுக்குள் வெடித்துவிட்டாலோ, பிற அளவுகள் எப்படியிருப்பினும் அபாயம் மிகுதி. அறுவை நிபுணர் அதனை உடையாமல் முழுமையாக எடுக்க அத்தனை கவனம் கொள்வது இதனால்தான்.

பரவிய ஜிஸ்ட் நோய்க்கு வழக்கமான கீமோதெரபி பயன் தரவில்லை. 2000-இல் ஃபின்லாந்தில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக, கிட் புரதத்தின் ஓயாத கட்டளையைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரை கொடுக்கப்பட்டுப் பலன் கண்டபின் நிலைமை மாறியது. பெரும்பாலோர் ஒன்றரை ஆண்டளவே வாழ்ந்த இடத்தில், பாதிப்பேர் ஐந்து ஆண்டுகள் வரை வாழத் தொடங்கினர். இதே மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்ததும், 2013-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்ததும் இந்திய நோயாளிகளுக்கு விலை குறைந்த மாத்திரைகள் தொடர்ந்து கிடைக்க வழிசெய்தன. அறுவைக்குப் பின் அபாயம் மிகுந்தவர்கள் மூன்றாண்டுகள் இதனை உட்கொள்வது வழக்கம்.

ஆயினும் எல்லாக் கட்டிகளும் இம்மருந்துக்குப் பணிவதில்லை. கிட் மரபணுவின் 11-ஆம் பகுதியில் பிறழ்வு இருந்தால் பலன் மிக நன்று, 9-ஆம் பகுதியில் இருந்தால் கூடுதல் அளவு தேவைப்படலாம், கிட்டுக்குப் பதிலாகப் பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. என்னும் வேறொரு மரபணுவில் டி842வி என்னும் பிறழ்வு இருந்தால் இமாட்டினிப் பயன்படாது, அவாப்ரிட்டினிப் என்னும் வேறு மருந்தே உதவும். ஆகவே, ஜிஸ்ட் என்று உறுதியானவர்களும் குடும்பத்தினரும் அறிக்கையில் கட்டியின் அளவு, இடம், பிரிவுறும் செல்களின் எண்ணிக்கை, கட்டி உடைந்ததா என்ற குறிப்பு ஆகியவை உள்ளனவா என்று பார்த்து, மாத்திரை தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.