ஏட்டில் 30 நிமிடம்

அமெரிக்க அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் பேச்சுக் குறையோ மொழிக் குறையோ படிப்பைப் பாதித்தால், பள்ளியே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். 1975-இல் இயற்றப்பட்டு, 1990-இல் 'ஐடியா' என்று பெயர் மாறிய சட்டம் தரும் உரிமை இது. ஆனால் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் அதிகபட்சம் எத்தனை பிள்ளைகளைக் கவனிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. உரிமை கரைந்துபோவது இந்த இடத்தில்தான்.

வரம்பை மாநிலங்கள்தான் விதித்துக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியா விதித்திருக்கும் சராசரி வரம்பே 55 பிள்ளைகள். வரம்பே இல்லாத மாநிலங்களும் உண்டு. இத்துறையினரின் தேசியச் சங்கமான 'ஆஷா' எடுத்த கணக்கெடுப்புகளில், ஒருவர் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை நாடு முழுக்க 50-ஐ ஒட்டியே வருகிறது.

50 பிள்ளைகளுக்கும் வாரம் இரண்டு முறை, தனித்தனியே 30 நிமிடம் என்றால் 50 மணி நேரம் வேண்டும். பள்ளியோ வாரத்துக்கு 35 மணி நேரத்தைத் தாண்டி நடப்பது அரிது. அதனால் பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைக்கிறார்கள். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஏழரை நிமிடம். பதிவேட்டில் மட்டும் நால்வருக்கும் 30 நிமிடம் என்றே ஏறும்.

சிகிச்சையோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐ.இ.பி. எனப்படும் தனிக் கல்வித் திட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடிப் பரிசீலிக்க வேண்டும். சுமார் 180 பள்ளி நாட்களில் 50 கூட்டங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு என்பதால், அவையும் ஆண்டுக்குப் பதினாறு, பதினேழு. புதிதாக வரும் பிள்ளையைப் பெற்றோர் சம்மதித்த 60 நாளுக்குள், அல்லது மாநிலம் வகுத்த கெடுவுக்குள், மதிப்பிட்டாக வேண்டும். குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டிலிருந்து பணம் பெறுவதற்கான குறிப்புகள் தனி. கெடு தவறினால் சட்டமீறல். சிகிச்சை மெலிந்தால் எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. நெருக்கடியில் எது பலியாகும் என்பதில் ஐயமில்லை.

கூடுதல் ஆட்களை நியமிக்கப் பணம் வேண்டும். மாணவர் ஒருவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975-இல் சொன்ன மத்திய அரசு, அந்த அளவை ஒருமுறைகூட எட்டவில்லை. முதுகலைப் பட்டமும் 400 மணி நேரப் பயிற்சியும் முடித்தவர்களுக்கு மருத்துவமனைகளின் கதவும் திறந்தே இருக்கிறது. பளு தாங்காமல் ஒருவர் விலகினால், அவருடைய பிள்ளைகளும் மிஞ்சியிருப்பவர் தலையில் விழுகிறார்கள்.

அதிகம் இழப்பது அமைதியான பிள்ளைகள். 'ரேபிட்' என்பதை 'வேபிட்' என்று சொல்லும் பிள்ளை எல்லார் காதிலும் படும். சொன்னதைப் புரிந்துகொள்ளவும், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லவும் திணறும் பிள்ளை படுவதில்லை. இந்த மொழிக் குறைபாடு நூற்றில் ஏழு பிள்ளைகளுக்கு இருப்பதாக 1997-இல் வெளியான அயோவா ஆய்வு காட்டியது. 30 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். சோம்பேறி, கவனமில்லாதவன் என்ற பெயரோடு, வாசிப்பிலும் அவர்கள் பின்தங்குகிறார்கள்.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு ஆபத்து இருபுறமும் உண்டு. அவசர மதிப்பீட்டில், ஆங்கிலம் பழகாததையே குறைபாடு என்று எழுதிவிடலாம். உண்மையான குறைபாட்டை 'ஆங்கிலம் வந்தால் சரியாகும்' என்று தள்ளியும் விடலாம். உண்மையான மொழிக் குறைபாடு இரண்டு மொழியிலும் தெரியும். அதனால்தான் இயன்றவரை தாய்மொழியிலும் மதிப்பிடச் சொல்கிறது சட்டம். தமிழை நிறுத்தினால் பேச்சு திருந்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

பெற்றோர் வாய்மொழி உறுதியை நம்பி இருந்துவிடக் கூடாது. மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். நடந்த வகுப்புகளின் பதிவைக் கேட்டு வாங்குங்கள். விடுபட்டவற்றை எப்போது ஈடுசெய்வார்கள் என்றும் கேளுங்கள். தெரபிஸ்டைக் குற்றவாளியாக்க வேண்டாம். அவரும் இதே கணக்கில் நசுங்குபவர்தான். கேள்வி மாவட்டக் கல்வி வாரியத்துக்கும் மாநிலச் சட்டமன்றத்துக்கும் போகட்டும். ஒருவருக்கு இத்தனை பிள்ளைகள்தான் என்ற வரம்பு, தாங்கக்கூடிய எண்ணில் சட்டமாகும் வரை, அடுத்த ஐ.இ.பி.யில் கையெழுத்திடும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அந்த 30 நிமிடத்தில் என் பிள்ளையோடு எத்தனை பேர் உட்காருவார்கள்?