பெண்கள் நடத்தும் சிறு உணவுத் தொழில்கள்: ஏற்றுமதிக்கான பாதை சமையற்கூடத்தில் தொடங்குகிறது

புதுதில்லி: அப்பளம், ஊறுகாய், மசாலாப்பொடி, சிறுதானியத் தின்பண்டம் ஆகியவற்றைத் தயாரிக்கும் மகளிர் குழுக்களும் குடும்பத் தொழிலகங்களும் வெளிநாட்டுச் சந்தையை நோக்கத் தொடங்கியுள்ளன. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் மட்டும் சுமார் 10 கோடி குடும்பங்களின் பெண்கள் சுயஉதவிக் குழுக்களில் இணைந்துள்ளனர். அவர்களில் பலருக்கு உணவுப் பதப்படுத்துதலே முதல் தொழில்.

ஏற்றுமதி என்றதும் உரிமம், அரசு அனுமதி, மானியம் ஆகியவையே பெரும் தடைகளாகக் கருதப்படுகின்றன. ஆனால் அவற்றைப் பெறுவது முதல் படி மட்டுமே. ஒரே பொருளை ஒரே தரத்தில் மீண்டும் மீண்டும் தயாரிப்பதும், அது பாதுகாப்பானது என்பதை ஆவணங்களால் மெய்ப்பிப்பதுமே ஒரு சிறு தொழிலகம் வெளிநாட்டுச் சந்தையில் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

எந்தெந்தப் பதிவுகள் தேவை?

முதலில் தேவைப்படுவது ஏற்றுமதி - இறக்குமதிக் குறியீட்டு எண். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் இதனை இணையவழியில் வழங்குகிறது. கட்டணம் 500 ரூபாய். சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த பிறகு, தொழிலின் பான் எண்ணே இக்குறியீட்டு எண்ணாகவும் அமைகிறது. இதன் விவரங்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் எண் முடக்கப்படும்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் உரிமம் அடுத்த தேவை. அதன்பின் பொருளுக்கு ஏற்ற ஏற்றுமதி அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். ஊறுகாய், அப்பளம், சட்னி, தேன், வெல்லம் ஆகியவை வேளாண் மற்றும் பதப்படுத்தப்பட்ட உணவுப் பொருள்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடாவின் பட்டியலில் உள்ளன. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் போன்றவற்றுக்கு கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள்கள் வாரியத்தின் பதிவுச் சான்று அவசியம். சரக்கு மற்றும் சேவை வரித் துறையிடம் ஆண்டுதோறும் உறுதிமொழிக் கடிதம் அளித்தால், ஏற்றுமதிச் சரக்குக்கு முன்கூட்டியே வரி செலுத்திப் பின்னர் திரும்பப் பெறும் நிலை தவிர்க்கப்படும்.

கைமணத்துடன் சீர்மையும்

உள்ளூர் வாடிக்கையாளர் கைமணத்தை விரும்பி வாங்குகிறார். வெளிநாட்டு இறக்குமதியாளரோ ஜனவரியில் வாங்கிய புட்டியும் ஜூலையில் வாங்கும் புட்டியும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என எதிர்பார்க்கிறார். பத்து வீடுகளில் பத்து விதமாக அளந்து போடப்படும் உப்பும் எண்ணெயும் இங்கே இடராக மாறுகின்றன.

இதற்கான தீர்வை அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டியது லிஜ்ஜத் அப்பள அமைப்பு. 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனுடன் இதனைத் தொடங்கினர். நிறுவனர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அப்பளம் இடும் பணி உறுப்பினர்களின் வீடுகளிலேயே நடைபெறுகிறது. ஆனால் மாவு கிளை மையத்தில் பொதுவாகப் பிசையப்பட்டுப் பிரித்து வழங்கப்படுகிறது. இட்டு உலர்த்திய அப்பளங்கள் மையத்தில் எடைபோட்டுச் சரிபார்த்த பின்னரே ஏற்கப்படுகின்றன. கைவேலை பரவலாக இருந்தாலும் சுவையும் தரமும் ஒரே இடத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. இவ்வமைப்பின் அப்பளம் பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளிலும் விற்பனையாகிறது.

சரக்கு எங்கே தடுக்கப்படுகிறது?

மிளகாயை வெறுந்தரையில் உலர்த்தும்போது ஈரம் தங்கிப் பூஞ்சை வளரலாம். அது உருவாக்கும் அஃப்லடாக்சின் நச்சு, கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கிலோ மிளகாய்த்தூளில் மொத்த அஃப்லடாக்சின் 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அவ்வளவு நுண்ணிய அளவை ஆய்வகப் பரிசோதனை மட்டுமே காட்டும். 2024 ஏப்ரலில் இந்திய மசாலாக் கலவைகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஹாங்காங்கும் சிங்கப்பூரும் அறிவித்த பின்னர், அவ்விரு இடங்களுக்கும் செல்லும் மசாலாப் பொருள்களுக்கு நறுமணப் பொருள்கள் வாரியம் அதற்கான பரிசோதனையைக் கட்டாயமாக்கியது.

ஊறுகாய்க்கு வேறு விதி. அமிலம் சேர்த்துப் பதப்படுத்திய உணவின் பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கோருகிறது. அதற்கு மேல் சென்றால் உயிருக்கு ஆபத்தான நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் புட்டிக்குள் வளரக்கூடும். இத்தகைய உணவுகளுக்குத் தயாரிப்பு முறையையும் அந்நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். உணவுக்கூடப் பதிவும், சரக்கு சென்றடையும் முன் அளிக்கும் முன்னறிவிப்பும் தனித் தேவைகள்.

லேபிளிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்க்கப்பட்டுள்ளது. கடுகு அப்பட்டியலில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 பொருள்கள் கொண்ட பட்டியலிலோ எள், கடுகு இரண்டும் உள்ளன. ஆகவே கடுகு தாளித்த ஒரே மாங்காய் ஊறுகாய்க்கு இரு சந்தைகளிலும் ஒரே லேபிள் பொருந்தாது.

ஆர்டரும் ஆயுட்காலமும்

பெரிய ஆர்டர் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் அதனை ஏற்கும் முன் ஓர் எளிய கணக்கு தேவை. நாளொன்றுக்கு 30 கிலோ ஊறுகாய் தயாரிக்கும் குழுவுக்கு 300 கிராம் எடையுள்ள 5,000 புட்டிகளுக்கான ஆர்டர் வருவதாகக் கொள்வோம். மொத்தம் 1,500 கிலோ. தயாரித்து முடிக்கவே 50 நாள்கள் ஆகும். மும்பையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குக் கடல்வழியே செல்ல ஒரு மாதத்துக்கும் மேலாகும். பொருளின் ஆயுட்காலம் ஆறு மாதம் எனில், முதல் நாளில் தயாரித்த புட்டி கடையை அடையும்போது அதில் ஏறத்தாழ பாதி கடந்திருக்கும். அத்தகைய சரக்கை இறக்குமதியாளர் ஏற்கத் தயங்குவார்.

எனவே மானியம் கிடைத்ததும் முதலில் கவனிக்க வேண்டியவை ஆயுட்கால ஆய்வும் உற்பத்தித் திறனும். குறுந்தொழில் நிலையிலுள்ள உணவுப் பதப்படுத்தும் தொழில்களை முறைப்படுத்தும் பிரதமரின் திட்டம் 2020 ஜூன் 29 அன்று தொடங்கப்பட்டது. 10,000 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான அத்திட்டம், திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனுடன் இணைந்த மானியத்துக்கும், சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் தொடக்க மூலதனத்துக்கும் வழிவகுத்தது. ஹரியானாவின் குண்ட்லியிலும் தமிழகத்தின் தஞ்சாவூரிலும் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் இதன் பயிற்சிப் பணிக்குப் பொறுப்பேற்றன.

மூன்று வழிகள்

முதல் வழி, ஏற்றுமதி அனுபவமுள்ள வணிக ஏற்றுமதியாளருக்குப் பொருளை விற்பது. லாப விகிதம் குறைவு. ஆனால் சுங்க நடைமுறை, கப்பல் ஏற்பாடு, வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பணம் வசூலித்தல் ஆகிய சுமைகள் அவரைச் சாரும். நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இத்தகைய விற்பனைக்கு 0.1 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி மட்டுமே விதிக்கப்படுகிறது.

இரண்டாவது வழி அஞ்சல். 2022-இல் தொடங்கிய அஞ்சலக ஏற்றுமதி மையங்கள் தற்போது நாடு முழுவதும் 1,000-க்கும் மேல் உள்ளன. சிறு பார்சல்களுக்கான சுங்க ஆவணங்களை அங்கேயே இணையவழியில் முடிக்கலாம். ஒரு சந்தையில் பொருள் விலைபோகுமா என்பதைக் குறைந்த செலவில் அறிய இது உதவும். ஆயினும் ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்து. குறைந்த மதிப்புள்ள பார்சல்களுக்கான வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியபோது, அந்நாட்டுக்கான பெரும்பாலான அஞ்சல் சேவையை இந்திய அஞ்சல் துறை நிறுத்தி வைத்தது. அக்டோபர் மத்தியில்தான் சேவை மீண்டும் தொடங்கியது. தீபாவளிக்கு முந்தைய, விற்பனை மிகுந்த வாரங்களில் இந்த இடைவெளி ஏற்பட்டது.

மூன்றாவது வழி நேரடி ஏற்றுமதி. லாபம் அதிகம். இடரும் அதிகம். சரக்கு திருப்பி அனுப்பப்பட்டாலோ அழிக்கப்பட்டாலோ குழுவின் ஓராண்டு உழைப்பு அதனுடன் போகும். வாடிக்கையாளர் பணம் தராமல் போகும் இடருக்கு 1957-இல் நிறுவப்பட்ட ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் காப்பீடு உண்டு. ஆனால் தரக்குறைவால் நிராகரிக்கப்படும் சரக்குக்கு அக்காப்பீடு துணை நிற்காது. அந்த இழப்பைத் தடுப்பது முன்கூட்டிய பரிசோதனை மட்டுமே.

எண் யார் பெயரில்?

பெண்கள் தயாரிக்கும் பொருளுக்குக் குறியீட்டு எண்ணும் வங்கிக் கணக்கும் குடும்பத்தின் ஆண்கள் பெயரில் இருந்தால், ஏற்றுமதி வரலாறு முழுவதும் அவர்கள் பெயரிலேயே சேரும். அடுத்த கடனுக்கு வங்கி பார்ப்பது அந்த வரலாற்றையே. குழுவாகச் செயல்படுவோருக்கு உற்பத்தியாளர் நிறுவனம் ஏற்ற வடிவம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே கம்பெனிகள் சட்டத்தின் கீழ் அதனைப் பதிவு செய்யலாம். ஆய்வகக் கட்டணமும் பொட்டலமிடும் இயந்திரச் செலவும் பலருக்கிடையே பகிரப்படும்.

தொடங்க விரும்புவோர் ஒரு பொருள், ஒரு நாடு என முதலில் வரையறுத்துக்கொள்வது நலம். அந்நாட்டின் லேபிள் விதியை அறிந்து, பொருளின் மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, எந்த நாளில் தயாரானது என்ற பதிவேட்டை எழுதத் தொடங்க வேண்டும். இறக்குமதியாளர் முதலில் கேட்கும் ஆவணங்களுள் அதுவும் ஒன்று. அதனை எழுதத் தனி மானியமோ உரிமமோ தேவையில்லை.