கோட்டுப் பையில் ஒரு சதுரத் துணி

காலை முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி. அதில் உங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மாலை வரவேற்புக்குக் கோட்டு எடுத்திருக்கிறீர்கள். டை வந்த பெட்டியிலேயே ஒரு சின்னச் சதுரத் துணியும் இருக்கிறது. அதை எப்படி மடிப்பது, எங்கே வைப்பது என்று கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதன் பெயர் பாக்கெட் ஸ்கொயர் (கோட்டின் இடது நெஞ்சுப் பையில், கொஞ்சம் வெளியே தெரியும்படி வைக்கும் துணி).

இது கைக்குட்டைதானே? பிறப்பில் ஆமாம். மேல்நாட்டு ஆண்கள் கோட்டுப் பையில் வைத்திருந்த கைக்குட்டைதான் இது. 1924-இல் அமெரிக்காவில் க்ளீனெக்ஸ் என்ற டிஷ்யூ காகிதம் விற்பனைக்கு வந்தது. முகத்தில் பூசிய கிரீமைத் துடைப்பதற்காக வந்த அதை, மக்கள் மூக்குச் சிந்தவும் எடுத்துக்கொண்டார்கள். துடைக்கும் வேலை காகிதத்துக்குப் போனபின், நெஞ்சுப் பையில் இருந்த துணி அழகுக்காக மட்டும் நிலைத்துவிட்டது.

ஆகவே மேடையில் வியர்த்தால் அதை உருவி முகத்தைத் துடைக்காதீர்கள். துடைக்க வேறொரு பருத்திக் கைக்குட்டையைப் பேன்ட் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் நிற்கப்போகிறீர்கள், கட்டாயம் தேவைப்படும்.

கோட்டில் பையே இல்லையே என்கிறீர்களா? பெரும்பாலும் இருக்கும். புதுக் கோட்டின் நெஞ்சுப் பை தொங்கிப்போகாமல் இருக்க, அதன் வாயை மெல்லிய ஓட்டுத் தையல் போட்டு மூடித்தான் அனுப்புவார்கள். கோட்டின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். பைத்துணி தட்டுப்பட்டால் அது நிஜமான பை, தையற்காரரிடம் கொடுத்தால் அந்த நூலை மட்டும் பிரித்துத் தருவார். எதுவும் தட்டுப்படவில்லை என்றால் அது வெறும் பட்டைத் தையல், துணி வைக்க முடியாது. வாடகைக் கோட்டு எடுப்பவர்கள் இதைக் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது. நூல் இருந்தால், கடைக்காரரைக் கேட்காமல் பிரிக்க வேண்டாம்.

எந்தத் துணி வாங்குவது? முதல் துணி வெள்ளையாக, பருத்தியிலோ லினனிலோ (ஆளி நாரில் நெய்த துணி) இருக்கட்டும். இஸ்திரி போட்டால் மடிப்பு அப்படியே நிற்பது இந்த இரண்டில்தான். பட்டு வழுக்கும். அதை மடித்து நிறுத்த முடியாது, உப்பலாக வைக்கத்தான் முடியும். துணியைப் பார்த்துத்தான் மடிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டுத் துணியை வைத்துக்கொண்டு கூர்மையான மடிப்புக்குப் போராடுவதால்தான் பலர் வெறுத்துப்போய் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

தனியாகக் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. வீட்டில் நல்ல வெள்ளைப் பருத்திக் கைக்குட்டை புதிதாக இருந்தால் போதும். வேட்டிக்குப் போடுவது போல லேசாகக் கஞ்சி போட்டுத் தேய்த்துவிடுங்கள். ஓரத்தில் வண்ணக் கோடு இல்லாததாகப் பாருங்கள்.

இனி மடிப்பு. பத்துப் பதினைந்து வகை சொல்வார்கள். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று, நேர்மடிப்பு. பைக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். 1950-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியவர்கள் இப்படி வைத்ததால் இதற்கு டிவி மடிப்பு என்றே பெயர் வந்தது. 1962-இல் வந்த ‘டாக்டர் நோ’ படத்தில் ஜேம்ஸ் பாண்டாக வரும் ஷான் கானரியின் கோட்டிலும் இதைத்தான் பார்க்கலாம்.

முதலில் பையை அளந்துகொள்ளுங்கள். அகலம் சுமார் 10 செ.மீ., ஆழம் சுமார் 11 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். துணி 33 செ.மீ. சதுரம்.

துணியை மேசையில் விரித்து, மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தின் மேல் கொண்டுவந்து பாதியாக மடியுங்கள். மடிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும். அடுத்து வலது பக்கத்தை இடது பக்கத்தின் மேல் மடியுங்கள். இப்போது பதினாறரை செ.மீ. சதுரம் கிடைக்கும். ஓரங்கள் பிரிந்து தெரியும் இடதுபக்கத்தைச் சுமார் ஏழு செ.மீ. பின்னால் தள்ளி மடித்தால், பையைவிட ஒரு நூல் குறைவான அகலம் வரும். கடைசியாகக் கீழ்ப்பக்கத்தை நான்கரை செ.மீ. பின்னால் மடியுங்கள். மிஞ்சும் உயரம் 12 செ.மீ.

பையின் ஆழம் 11, துணியின் உயரம் 12. வெளியே தெரிவது ஒரு செ.மீ. இதுதான் கணக்கு. உங்கள் பையின் ஆழம் வேறாக இருந்தால் கடைசி மடிப்பை மட்டும் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. வரை தெரிந்தால் அளவு. அதற்கு மேல் போனால் அட்டை சொருகியது போல இருக்கும்.

வைத்த துணி உள்ளே இறங்கிவிடுகிறதே, என்ன செய்வது? எல்லோருக்கும் வரும் தொல்லை இதுதான். துணி பையின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தால் இறங்கத்தான் செய்யும், அடித்தளத்தில் ஊன்றி நின்றால் இறங்காது. மேலே சொன்ன கணக்கில் மடித்தால் துணி பையின் அடியைத் தொட்டு நிற்கும். அப்படியும் நழுவினால் பழைய விசிட்டிங் கார்டைப் பையளவுக்கு நறுக்கித் துணியின் மடிப்புக்குள் செருகிவிடுங்கள். ஊசி குத்த வேண்டாம், கோட்டுத் துணியில் ஓட்டை விழும்.

பட்டுத் துணிதான் இருக்கிறது என்றால்? அதற்கும் எளிய வழி உண்டு. துணியை விரித்து நடுப்புள்ளியை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். மற்றக் கையால் அதை வளையம் போலச் சுற்றிப் பிடித்து, பாதி உயரம்வரை உருவிவிடுங்கள். தொங்கும் முனைகளைப் பின்னால் மடக்கிப் பையில் இறக்குங்கள். மேலே மொட்டுப் போல உப்பல் தெரியும். இதில் கணக்குக் கிடையாது, கொஞ்சம் ஏறுக்குமாறாக இருப்பதுதான் அழகு.

ஆனாலும் மாப்பிள்ளைக்கு நான் உப்பலைச் சொல்ல மாட்டேன். வரவேற்புக்கு வருகிறவர்கள் எல்லாம் உங்களைக் கட்டிப்பிடிப்பார்கள். மாலை மேலே விழும், கழற்றுவீர்கள், மறுபடி போடுவார்கள். பத்தாவது படத்துக்குள் உப்பல் அமுங்கிவிடும். நேர்மடிப்பு அமுங்கினாலும் கோடாகவே இருக்கும். நண்பர் திருமணத்துக்கு விருந்தாளியாகப் போகும்போது உப்பலைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

நிறம்? வெள்ளை எந்தக் கோட்டுக்கும் எந்த டைக்கும் பொருந்தும். வண்ணம் வேண்டுமானால், டையில் சிறிதாக வரும் நிறம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டை எந்தத் துணியோ அதே துணியில் பாக்கெட் ஸ்கொயரும் வைப்பதை, உடையில் தேர்ந்தவர்கள் விரும்புவதில்லை. நானும் அந்தக் கட்சிதான். பெட்டியில் ஜோடியாக வந்ததைப் பிரித்து, டையை மட்டும் இன்று கட்டுங்கள். சதுரத் துணி வேறொரு கோட்டுக்கு உதவும்.

மணப்பெண்ணின் புடவைத் துணியில் வைக்கச் சொல்கிறார்களே? ஆசை நல்லதுதான். ஆனால் காஞ்சிப் பட்டு கனமானது. நாலு மடிப்பு மடித்தால் நெஞ்சில் கட்டி போலப் புடைக்கும், சரிகை துருத்தி நிற்கும். புடவையின் உடல் நிறத்தையோ கரை நிறத்தையோ காட்டி, அதே நிறத்தில் மெல்லிய பட்டாக வாங்குங்கள். புடவைத் துணியேதான் வேண்டுமென்றால், ரவிக்கைத் துணியில் மிஞ்சியதில் சரிகையில்லாத பகுதியாக 25 செ.மீ. சதுரம் வெட்டி, ஓரம் அடித்து, உப்பலாக மட்டும் வையுங்கள்.

வேலைக்கான நேர்காணலுக்கு இதெல்லாம் அதிகப்படியாகத் தெரியாதா? வெள்ளை நேர்மடிப்பு என்றால் தெரியாது. பளபளக்கும் வண்ணப் பட்டு தெரியும். சந்தேகமாக இருந்தால் வைக்காமலே போங்கள், அது குறையில்லை.

இன்னொன்று. சட்டைப் பையில் பேனா, சீட்டு, பணம் வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. வரவேற்பில் மொய்க் கவரை வாங்கியதும் கை தானாக நெஞ்சுப் பைக்குப் போகும். அதில் ஒரு கவர் ஏறினாலே துணி கோணிக்கொள்ளும், பையும் தளரும். கவரை வாங்கி வைக்கப் பக்கத்தில் ஒரு தம்பியை நிறுத்திக்கொள்ளுங்கள்.

துணியை முந்தின நாள் இரவே மடித்து, இஸ்திரி போட்டு, கோட்டுப் பையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துவிடுங்கள். மண்டபத்தின் மாப்பிள்ளை அறையில் இஸ்திரிப் பெட்டி கிடைப்பது அரிது.